நான்காவது மூடி

என் போட்டோவும் போன் நம்பரும் எங்கள் கம்பெனியின் எல்லாக் கப்பல்களிலும் சாப்பாட்டு அறைச் சுவரில் தொங்குகின்றன. பாஸ்போர்ட்டுக்காக எடுத்த படம். கண்ணை அகல விரித்து, வாயை இறுக்கி, 'காணவில்லை' விளம்பரத்தில் வருகிறவள் போல இருப்பேன். வேறு படம் போடச் சொல்லிக் கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. படத்துக்குக் கீழே இருக்கும் வாசகம் இதுதான்: கப்பலின் பாதுகாப்பு பற்றி ஏதாவது உங்கள் மனதை உறுத்தினால், கேப்டனிடம் சொல்லியும் பலன் இல்லை என்றால், எந்த நேரமும் இந்த எண்ணைக் கூப்பிடலாம்; உங்கள் பெயர் வெளியே போகாது.

கரையில் இப்படி ஓர் ஆள் இல்லாமல் ஒரு கப்பல் கம்பெனி நடத்த முடியாது. விதி அப்படி. அந்த ஆளுக்கு விதிப் புத்தகத்தில் நீளமாக ஒரு பதவிப் பெயர் உண்டு. மாலுமிகள் அதையெல்லாம் கட்டி ஓரமாக வைத்துவிட்டு என்னை 'போன் அக்கா' என்பார்கள். கூப்பிடவும் செய்வார்கள். லீவு எப்போது, வைஃபை ஏன் இழுக்கிறது, சமையல்காரர் உப்பை யார் மேல் உள்ள கோபத்தில் கொட்டுகிறார் என்று கேட்பார்கள். ஒருத்தன் பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு என்னைச் சமாதானம் பேசச் சொன்னான். அதையும் பேசி முடித்தேன். பாதுகாப்பு பற்றி மட்டும் ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. எங்கள் கப்பல்கள் அவ்வளவு பத்திரமானவை என்று நம்ப நான் பச்சைக் குழந்தை இல்லை. இருபது பேர் இருக்கிற இடத்தில் யார் கூப்பிட்டார்கள் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம், அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊரில் இருக்கிற மாலுமிக்கெல்லாம் நான் அக்கா. கூடப் பிறந்த தம்பிக்கு மட்டும் மேடம். அவன் எங்கள் கம்பெனிக் கப்பல் ஒன்றில் சீஃப் ஆபீசர், கேப்டனுக்கு அடுத்த ஆள். கப்பலில் கால் வைத்துவிட்டால் "குட் மார்னிங் மேடம்" என்று விறைப்பாக நிற்பான். முதல் முறை அப்படிக் கூப்பிட்டபோது சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்போதெல்லாம் சிரிப்பு வருவதில்லை. இரண்டு பேருக்குமே வயதாகிவிட்டது.

அன்றைக்கு அவன் கப்பலில் ஆடிட். அந்தக் கப்பலை எங்கள் முதலாளி வேறொரு கம்பெனியிடம் பழையதாக வாங்கியிருந்தார். கை மாறிய கப்பலுக்கு முதலில் ஒரு தற்காலிகச் சான்றிதழ் கொடுப்பார்கள். அது காலாவதி ஆவதற்குள் ஒரு ஆடிட்டர் வந்து, நாங்கள் சொல்கிறபடிதான் கப்பலை நடத்துகிறோமா என்று பார்த்து, நிரந்தரச் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் கப்பல் நகராது. கப்பல் நகராவிட்டால் எங்கள் மேனேஜர் யாரையும் நிம்மதியாக இருக்க விடமாட்டார்.

தம்பி இதற்கு முந்தைய துறைமுகத்திலேயே இறங்கி வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவன். ஆடிட் முடியும்வரை கப்பலைத் தெரிந்த ஆள் இருக்கட்டும் என்று மேனேஜர் பிடித்து வைத்துக்கொண்டார். "கையெழுத்து விழுந்த நிமிஷமே அனுப்பிடறேன்" என்றார். மாற்று ஆளும் பெட்டியோடு வந்து கப்பலிலேயே உட்கார்ந்திருந்தார். மாலை விமானத்துக்கு டிக்கெட்டும் தயார்.

அவன் அன்றைக்கு வந்தே ஆக வேண்டும். அப்பா என் வீட்டு முன்னறையில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பக்கவாதம் வந்து, பேச்சு பாதி போய், சாப்பாடு மெல்ல மெல்ல நின்றுகொண்டிருந்தது. முந்தின நாள் வந்து பார்த்த டாக்டர் என்னை வாசல்வரை கூட்டிப் போய், "பாக்கணும்னு இருக்கிறவங்களை சீக்கிரம் வரச் சொல்லிடுங்கம்மா" என்றார். அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

அப்பாவுக்கு மிச்சம் இருந்தது இரண்டு கேள்விகள். "சின்னவன் வந்துட்டானா? கதவச் சாத்தியாச்சா?" தம்பி காலேஜில் படித்த காலத்தில் எங்கேயோ சுற்றிவிட்டு நேரம் கழித்துத்தான் வீடு திரும்புவான். அப்பா அதுவரை தூங்கமாட்டார். அவன் வந்து, கதவு சாத்தி, தாழ்ப்பாள் சத்தம் கேட்டால்தான் புரண்டு படுப்பார். மற்றதெல்லாம் மறந்துபோய் அது மட்டும் மூளையின் ஏதோ ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டுவிட்டது. பகல் பன்னிரண்டு மணிக்கும் அதே கேள்விதான். நானும் என் வீட்டுக்காரரும் மாறி மாறி, "வந்துட்டே இருக்கான்பா" என்போம். அப்பா கண்ணை மூடமாட்டார். வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

காலை முதல் விமானத்தைப் பிடித்துப் போய் நான் கப்பல் ஏணியில் ஏறியபோது தம்பி மேலே நின்றிருந்தான்.

"குட் மார்னிங் மேடம்."

"குட் மார்னிங்." பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "மூஞ்சியப் பாரு. தூங்கினியாடா?" என்றேன்.

"ஆடிட் முடியட்டும். ஃப்ளைட்ல தூங்கிக்கறேன். அப்பா?"

"கேட்டுக்கிட்டே இருக்கார்."

"பெட்டி கட்டிட்டேன்" என்றான். கண் இரண்டும் உள்ளே போய், கன்னத்தில் வெள்ளை பெயிண்ட் ஒரு சொட்டு காய்ந்திருந்தது.

கப்பல் முழுக்க அந்தப் பெயிண்ட்தான். போன தடவை நான் வந்து பார்த்தபோது துருப்பிடித்துக் கிடந்த இடமெல்லாம் இப்போது பளபளவென்று மின்னியது. பாதுகாப்பைச் சோதிக்க ஒருவர் வருகிறார் என்றால் எங்கள் தொழிலில் முதலில் எடுப்பது பெயிண்ட் டப்பாவைத்தான். பத்து நாளாக ஆட்கள் சரக்கு ஏற்றும் வேலையும் பார்த்து, மிச்ச நேரத்தில் பிரஷ்ஷும் பிடித்திருக்கிறார்கள். ஓய்வு நேரப் பதிவைப் பார்த்தால் எல்லாரும் மகாராஜா மாதிரித் தூங்கி எழுந்திருப்பார்கள். ஒவ்வொருத்தர் முகத்தைப் பார்த்தால் தெரியும் லட்சணம்.

ஆடிட்டருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'அப்புறம் சார்'. யார் எந்தப் பதில் சொன்னாலும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "அப்புறம்?" என்பார். பதில் சொன்னவன் பதறிப்போய், கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிடுவான். மனுஷர் கெட்டவர் இல்லை. அவருக்கும் முந்தின நாள் ஒரு கப்பல், மறுநாள் ஒரு கப்பல். முழங்கால் இரண்டும் போய்விட்டது. படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மேலே இன்னும் எத்தனை இருக்கிறது என்று அண்ணாந்து பார்ப்பார்.

காலை முழுக்க நல்லபடியாகப் போனது. சாப்பாட்டு அறையில் சமையல்காரரிடம், "பாதுகாப்புல ஏதாவது கோளாறுன்னா கரையில யாரைக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டார். சமையல்காரர் சுவரில் இருந்த படத்தைக் காட்டினார்.

"அப்புறம்?"

சமையல்காரர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "நேர்ல கொஞ்சம் பரவால்ல சார்" என்றார். அன்றைக்கு எல்லாரும் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மதியம் தீயணைப்பு ஒத்திகை. எஞ்சின் ரூமில் தீப்பிடித்துவிட்டதாக வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய தீ என்றால் தண்ணீர் அடித்துச் சமாளிக்க முடியாது. ஆட்களை வெளியேற்றி, கதவுகளை அடைத்து, உள்ளே வாயுவைத் திறந்துவிட்டுத் தீயை மூச்சுத் திணறடிப்பதுதான் ஒரே வழி. அதற்கு முன்னால், எஞ்சின் ரூமுக்குக் காற்றுப் போகிற நான்கு பெரிய குழாய்களின் வாயையும் அடைக்க வேண்டும். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு இரும்பு மூடி. வெளியே ஒரு கைப்பிடி. இழுத்தால் மூடிக்கொள்ளும். ஒரே ஒரு மூடி திறந்திருந்தாலும் வாயு அந்த வழியாகப் போய்விடும்; இரண்டாவது தடவை அடிக்க வாயு இருக்காது.

மாதாமாதம் நடக்கிற ஒத்திகையில் இந்த மூடிகளை யாரும் நிஜமாக மூடுவதில்லை. மூடினால் கீழே எஞ்சின் ரூமில் இருப்பவர்கள் வெந்து போவார்கள். திரும்ப மேலே ஏறித் திறக்கவும் வேண்டும். அதனால் கைப்பிடியைத் தொட்டுவிட்டு ரேடியோவில் "மூடியாச்சு" என்று சொன்னால் சரி. இந்தக் கப்பல் என்றில்லை, எங்கேயும் இதுதான் நடப்பு. கரையில் இருக்கிற எங்களுக்கும் அது தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறோம்.

அப்புறம் சார், "இன்னிக்கு எஞ்சின் நின்னுதானே கிடக்கு? நிஜமாவே மூடுங்க" என்றார். கப்பல் ஓட்டும் அறைக்கு வெளியே பக்கவாட்டில் நின்று நாங்கள் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். ரேடியோவில் குரல் வந்தது.

"ஒண்ணு மூடியாச்சு." கண்ணெதிரே மூடியது.

"ரெண்டு மூடியாச்சு." அதுவும் மூடியது.

மூன்றும் நான்கும் புகைபோக்கிக்குப் பின்னால், நாங்கள் நின்ற இடத்திலிருந்து தெரியாது.

"மூணு மூடியாச்சு."

பிறகு கொஞ்சம் தாமதம். நான்காவது மூடிக்குப் போக வேண்டிய மாலுமி ஏணிக் காவலில் இருந்ததால் தம்பியே ஏறியிருந்தான். அவன் குரல் மூச்சிரைக்க வந்தது. "நாலு மூடியாச்சு."

அப்புறம் சார் புகைபோக்கிக்குப் போகிற செங்குத்துப் படியைப் பார்த்தார். தன் முழங்காலைப் பார்த்தார். "நல்லது" என்றார்.

அப்புறம் கேப்டன் அறை. டீ வந்தது. கேப்டன் நல்ல மனுஷர், அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிறவர். ஆடிட்டர் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். மேனேஜர் என் சொந்தப் போனில், 'விழுந்ததா?' என்று செய்தி மேல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். தம்பி இந்நேரம் மாற்று ஆளிடம் சாவிகளைக் கொடுத்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன். கார் எத்தனை மணிக்குச் சொன்னால் சரியாக இருக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். பல நாளுக்குப் பிறகு தோள்பட்டை கொஞ்சம் இறங்கி வந்தது.

அப்போதுதான் அந்தப் போன் அடித்தது. சுவரில் தொங்குகிற நம்பருக்கென்று தனியாக வைத்திருக்கும் போன். ஏதோ வைஃபை விவகாரம், அப்புறம் பார்க்கலாம் என்று அணைக்கப் போனேன். அப்புறம் சார் தலை நிமிராமல், "எடுங்க. நீங்க எடுக்க வேண்டிய போன் அது" என்றார்.

நடைபாதைக்கு வந்து எடுத்தேன்.

"மேடம், சீஃப் ஆபீசர் பேசறேன்."

"என்னடா? கார் நான் சொல்லிக்கறேன்."

"நாலாவது மூடல மேடம்."

"எது?"

"நாலாவது மூடி. பெயிண்ட்ல ஒட்டிக்கிச்சு. தொங்கிப் பாத்தேன், அசையல. ஆனா ரேடியோவுல மூடியாச்சுன்னு சொல்லிட்டேன். வேணும்னு சொல்லல. வாய் தானா சொல்லிடுச்சு."

அந்த மூடிகளில் 'திற', 'மூடு' என்ற எழுத்து மங்கிவிட்டது, புதிதாக எழுதுங்கள் என்று போன தடவை சொல்லிவிட்டுப் போனதே நான்தான்.

"கேப்டன்கிட்ட சொன்னியா?"

"இறங்கினதும் சொன்னேன். கையெழுத்து ஆகட்டும், கடலுக்குப் போனதும் தட்டி எடுத்துக்கலாம்னார்."

"சரிதானே? தட்டி எடுத்துக்கட்டும்."

நான்தான் அப்படிச் சொன்னேன். கம்பெனியின் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆள்.

பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. "தட்டறதுக்கு நான் இருக்க மாட்டேனேக்கா. நான் வீட்டுக்குப் போயிடுவேன். இவங்க எல்லாரும் இதுலதான் போவாங்க. கிளம்பின உடனே அடுத்த வேலை, அதுக்கு அடுத்த வேலை. எல்லாரும் செத்துச் சுண்ணாம்பாயிட்டாங்க. யாரு ஞாபகம் வச்சுத் தட்டப்போறாங்க?"

அக்கா என்றதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன்டா எங்கிட்ட வந்து சொன்ன? சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதேடா. அக்காதானே, அவ தலையில கட்டலாம்னு பாத்தியா?"

"அக்கான்னு கூப்பிடல. சாப்பாட்டு ரூம்ல நிக்கறேன். உன் போட்டோ முன்னாடிதான் நிக்கறேன். இதுல இந்த நம்பர்தானே போட்டிருக்கு?"

"அப்பா கேப்பாரேடா."

"தெரியும்."

"இன்னிக்கு விட்டா…"

"தெரியும்க்கா. நான் சொல்லிட்டேன். இனி உன் பாடு." வைத்துவிட்டான்.

நடைபாதையில் நின்றேன். கேப்டன் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே போய் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். ஒரு கையெழுத்து, ஒரு கார், ஒரு விமானம். அப்பா கண்ணை மூடுவார். பெயர் வெளியே போகாது என்றுதானே போட்டிருக்கிறது. அப்படி ஒரு போன் வந்ததே வெளியே போகாமல் இருந்தால் யாருக்கு என்ன தெரியப்போகிறது? தம்பி மேல் வந்த கோபத்தில் சுவரில் ஓங்கி ஒன்று விட்டேன். அதிலும் ஈரப் பெயிண்ட். கை வெள்ளையாகிப் போனது.

இத்தனை வருஷத்தில் எதற்காக அந்த நம்பர் தொங்குகிறதோ அதற்காக ஒருத்தன் கூப்பிட்டான். அந்த ஒருத்தன் இவனாகவா இருக்க வேண்டும்?

உள்ளே போனேன். கேப்டன் என் முகத்தைப் பார்த்தார். பார்த்த உடனே டீக் கோப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். ஆடிட்டர் பேனாவை நிறுத்தினார். என் வெள்ளைக் கையைப் பார்த்தார்.

"அப்புறம்?" என்றார்.

"நாலாவது மூடி மூடல சார்" என்றேன். "பெயிண்ட்ல ஒட்டியிருக்கு."

கேப்டன், "சின்ன விஷயம் சார் அது, ஒரு மணி நேர வேலை" என்று ஆரம்பித்தார். அப்புறம் சார் கையைக் காட்டி நிறுத்தினார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பேனாவுக்கு மூடி போட்டு மேசையில் வைத்தார்.

"நான் ஏறிப் பாத்திருக்கணும்" என்றார். "முழங்கால் வலி. நல்லதுன்னு சொல்லிட்டேன்."

"சார், இன்னிக்கே தட்டி சரி பண்ணிக் காட்டிடறோம். இங்க ஒருத்தருக்கு சாயங்காலம் ஃப்ளைட். வீட்டுல…" நான் ஆடிட்டரிடம் கெஞ்சியது வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் புரிந்துகொண்டார் என்று தெரிந்தது. ஆனாலும் தலையை ஆட்டினார். "மூடியைத் தட்டிடலாம்மா. அது இல்ல என் கவலை. மூடாத ஒண்ணை மூடியாச்சுன்னு ரேடியோவுல கேட்டேன். இனி இந்தக் கப்பல்ல ஆச்சுன்னு சொன்ன எல்லாத்தையும் நான் கண்ணால பாக்கணும். பம்ப்பு, உயிர்காக்கும் படகு, எல்லாம். நாளைக்கு முழுக்க ஆகும்."

மாற்று ஆளும் கைவிரித்துவிட்டார். "ஆடிட்டர் எழுதினதெல்லாம் தீராம நான் பொறுப்பு எடுத்துக்க மாட்டேங்க. தப்பா நெனைக்காதீங்க" என்றார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். மேனேஜர் போனில் குதித்தார். "நீங்க நம்ம பக்கமா, அவங்க பக்கமா?" என்று கேட்டார். அவர் பேசி முடிக்கும்வரை போனை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

டிக்கெட்டை ரத்து செய்தேன்.

சாயங்காலம் வெயில் இறங்குகிற நேரத்தில் புகைபோக்கிப் பக்கம் ஏறிப் போனேன். தம்பி நான்காவது மூடிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சுத்தியலால் கைப்பிடியின் மூட்டில் தட்டிக்கொண்டிருந்தான். வேறு யாரையும் தொடவிடவில்லையாம். 'மூடு' என்று சிவப்பில் அழகாக எழுதி, பக்கத்தில் அம்புக்குறியும் போட்டிருந்தார்கள். அந்த அம்பு கைப்பிடியிலிருந்து மூட்டைத் தாண்டி மூடிவரை ஒரே தோலாக ஓடியது. எவ்வளவு சிரத்தையாகச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பத்து நாள் தூக்கம் இல்லாதவன் கையில் அது ஒன்றுதான் கோணாமல் வந்திருக்கிறது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் கோபமாக இருக்கிறானா என்று பார்த்தேன். கோபப்படவும் தெம்பு வேண்டும்.

"என்னைத் திட்டணும்னா திட்டு" என்றேன்.

"நீ என்ன பண்ணுவ? நான்தானே கூப்பிட்டேன்." இன்னும் இரண்டு தட்டுத் தட்டினான். பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. "வீட்டுக்குப் போன் போடறியா?"

போட்டேன். என் வீட்டுக்காரர் எடுத்தார். விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர், "சரி, அப்பா காதுல வைக்கிறேன், பேசச் சொல்லு" என்றார். நான் ஸ்பீக்கரைப் போட்டுத் தம்பியின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

அப்பாவின் மூச்சு முதலில் கேட்டது. கரகரவென்று, இழுத்து இழுத்து. பிறகு குரல். "சின்னவன் வந்துட்டானா?"

தம்பி சுத்தியலைக் கீழே வைத்தான். என்னைப் பார்த்தான். ஒரு பொய்யைச் சரி செய்யத்தான் இவ்வளவு பாடும் பட்டான். உதடு இரண்டு தடவை திறந்து மூடியது.

"வந்துட்டேன்பா" என்றான்.

"வந்துட்டியா?"

"ம். வந்துட்டேன்."

"கதவச் சாத்தியாச்சா?"

தம்பி எழுந்தான். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பு மொத்தத்தையும் போட்டு இழுத்தான். முதல் இழுப்புக்கு முனகியது. இரண்டாவது இழுப்புக்கு அந்த அம்பு நடுவில் விரிசல் விட்டது. மூன்றாவது இழுப்பில் மூடி திடுமென்று சாத்திக்கொண்டது. அந்த இரும்புச் சத்தத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்த தட்டே அதிர்ந்தது. போனைக் கீழே விட இருந்தேன்.

"சாத்திட்டேன்பா" என்றான் மூச்சு வாங்க.

"கேட்டுச்சு" என்றார் அப்பா. தெளிவாகச் சொன்னார். "போய்ப் படு. மணி ஆகுது."

"சரிப்பா."

என் வீட்டுக்காரர் போனை வாங்கி, "திரும்பிப் படுத்துட்டார்" என்று மெதுவாகச் சொன்னார். தம்பி அந்த மூடியிலேயே நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். தோள் குலுங்கியது. நான் அவன் முதுகில் கை வைத்தேன். இன்னும் முழுக்கக் காயாத என் வெள்ளைக் கை சீருடையில் அப்படியே பதிந்தது. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் அப்புறம் சார் வந்தார். ஒவ்வொரு படியாக நின்று நின்று புகைபோக்கிவரை ஏறினார். நான்கு மூடியையும் தன் கையாலேயே இழுத்து மூடிப் பார்த்தார். படகை இறக்கச் சொன்னார், பம்ப்பை ஓட்டச் சொன்னார். சாயங்காலம் கையெழுத்துப் போட்டார். ஏணியில் இறங்கும்போது, "உங்க போட்டோவை மாத்துங்கம்மா, கூப்பிடப் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். கப்பல் கிளம்பியது. தம்பி கரையில் நின்று அது போவதைக்கூடப் பார்க்கவில்லை, நேராகக் காரில் ஏறினான், நானும் கூடவே ஏறினேன்.

நாங்கள் விமானத்தில் இருந்த நேரத்தில் அப்பா போய்விட்டார். பெட்டியோடு உள்ளே வந்தவன் முன்னறையைப் பார்த்தான். அப்பாவைக் குளிப்பாட்டக் கொல்லைப்பக்கம் எடுத்துப் போயிருந்தார்கள், கட்டில் காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் அந்தக் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தான். வீட்டுக்காரரோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, "மறுபடியும் கேட்டாராக்கா?" என்றான்.

"இல்லடா" என்றேன். "அதுக்கப்புறம் கேக்கவே இல்ல."